‘3’ போட்ட மாணவர் என்ன சொல்ல வந்தார்? கருத்துப் படிவத்தில் அளவுகோல் கேள்விகள் பற்றி அடிக்கடி கேட்கப்படுபவை

பாடம் முடிந்ததும் மாணவர்களுக்கு ஆன்லைன் படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. படிவம் செய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் வந்த பதில்களை வைத்துக்கொண்டு அடுத்த வகுப்பில் எதை மாற்றலாம் என்று யோசிக்க உட்காரும்போதுதான் கேள்விகள் எங்கே சறுக்கின என்று தெரியும். நான் பாடம் நடத்துகிறவன். என் வகுப்புக்கும் உடன் பணியாற்றுவோரின் வகுப்புகளுக்கும் பல ஆண்டுகளாக இந்தப் படிவங்களைத் தயாரித்து வருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அளவுகோல் கேள்வி என்றால் என்ன?

“இந்த வாரப் பாடம் எவ்வளவு புரிந்தது?” என்று கேட்டு, ‘ஒன்றும் புரியவில்லை’ முதல் ‘முழுக்கப் புரிந்தது’ வரை வரிசையாகச் சில பதில்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது அளவுகோல் கேள்வி. எண், நட்சத்திரம், முகக்குறி என்று எந்த உருவில் வந்தாலும் பதில்களுக்குள் ஓர் ஏறுவரிசை இருக்கும். அதுதான் அடையாளம்.

இந்தப் பேச்சில் அதிகம் அடிபடும் பெயர் லிக்கர்ட். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனப்பான்மையை அளக்கும் இந்த முறையை 1932-இல் வெளியிட்டார். பலர் ‘லைக்கர்ட்’ என்று சொல்கிறார்கள். அவர் தம் பெயரை ‘லிக்கர்ட்’ என்றுதான் உச்சரித்தார். அவர் செய்ததில் நாம் மறந்துவிட்ட ஒன்று இருக்கிறது. ஒரே விஷயத்தைப் பற்றிப் பல வாக்கியங்களைக் கொடுத்து, எல்லாப் பதில்களையும் சேர்த்துத்தான் ஒருவருடைய மனப்பான்மையை அவர் கணக்கிட்டார். ஒற்றைக் கேள்விக்கு வந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘இவர் வகுப்பு 3.8’ என்று தீர்ப்பு எழுதுவது அவர் காட்டிய வழி இல்லை.

5 புள்ளி வைக்கலாமா, 7 வைக்கலாமா, 10 வைக்கலாமா?

மாணவர் கருத்துக்கு 5 போதும். நான் இதற்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். ஐந்து பெயர் எளிதாக வரும். ஏழு என்றால் கொஞ்சம் தடுமாறுவீர்கள், வேண்டுமானால் எழுதிவிடலாம். பத்துக்கு எழுதவே முடியாது. 6-க்கும் 7-க்கும் என்ன வேறுபாடு என்று படிவம் எழுதிய நமக்கே சொல்லத் தெரியாதபோது, மாணவர் மட்டும் எப்படிப் பிரித்துப் போடுவார்?

‘இந்தப் பாடத்தை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள்’ என்ற கேள்வியையும் சிலர் படிவத்தில் சேர்க்கிறார்கள். ஃபிரெட் ரெய்ச்ஹெல்ட் என்பவர் 2003-இல் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்காக முன்வைத்த கேள்வி அது. அந்தக் கணக்கில் 9, 10 போட்டவர்கள் மட்டுமே ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை போட்ட எல்லாரும் அதிருப்தியாளர்கள். கட்டாயப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குப் பரிந்துரைக்க என்ன இருக்கிறது? 6 போட்டவர் மனத்தில் ‘நல்லா இருந்தது’ என்றுகூட நினைத்திருக்கலாம். வகுப்பறைக்கு இது வேண்டாம்.

நடுவில் ஒரு ‘3’ வைக்க வேண்டுமா? அதை எடுத்துவிட்டு 4 புள்ளி வைத்தால் தெளிவான பதில் வருமே?

ஒரு முறை, “செய்முறை வகுப்பு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தது?” என்று 1 முதல் 5 வரை எண்களை மட்டும் வைத்துக் கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 3 போட்டிருந்தார்கள். மறுநாள் எல்லாருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்து, “பெயர் வேண்டாம். 3 போட்டிருந்தால் என்ன நினைத்துப் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்” என்று கேட்டேன். வந்த சீட்டுகளில் சில: ‘நல்லாத்தான் இருந்தது, பிரமாதம் என்று சொல்ல முடியாது.’ ‘நான் இரண்டு வாரம் வரவில்லை.’ ‘முதல் பாதி 5, கடைசிப் பாதி 1, அதனால் 3.’ ‘ஒரு கணினிக்கு நான்கு பேர், நான் ஓரத்தில் நின்றேன், எனக்குத் தெரியாது.’ ‘எல்லாவற்றுக்கும் 3 போட்டேன் சார், மன்னிக்கவும்.’

ஐந்து சீட்டு, ஐந்து வேறு செய்தி. படிவத்தில் எல்லாம் ஒரே எண்ணாக வந்து நின்றது. அன்றிலிருந்து நான் படிவம் எழுதும் முறையே மாறிவிட்டது. ஒரே பதிலைத் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு இப்போது முதல் வேலை.

அதற்காக நடுப்புள்ளியை எடுத்துவிட்டால் சரியாகிவிடாது. உண்மையிலேயே நடுவில் இருப்பவரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடுவோம், அவ்வளவுதான். அதைவிட, 3-க்குள் ஒளிந்திருந்தவற்றைத் தனித்தனியாக வெளியே எடுங்கள். வராதவருக்கு ‘நான் இந்த வகுப்புக்கு வரவில்லை’ என்று தனி விடை. ஏற்ற இறக்கமாக இருந்தது என்பவருக்கு, முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனிக் கேள்வி. மிச்சம் இருக்கும் நடுவுக்கு ‘பாதி பயன்பட்டது’ என்று பெயர். அப்புறம் 3-ஐப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் எழுத வேண்டுமா? இரண்டு ஓரத்துக்கும் எழுதினால் போதாதா?

எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் என்பது பார்க்க நடுநிலையாகத் தெரியும். ஆனால் எண்ணும் பேசும். நார்பெர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. “வாழ்க்கையில் நீங்கள் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள்?” என்று ஒரு பகுதியினரிடம் 0 முதல் 10 வரை உள்ள அளவுகோலில் கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம் அதே கேள்வியை −5 முதல் +5 வரை வைத்துக் கேட்டார்கள். இரண்டிலும் 11 புள்ளிகள். ஓரங்களில் எழுதியிருந்த சொற்களும் ஒன்றே. முதல் பகுதியில் 34 சதவீதம் பேர் கீழ்ப்பாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் பகுதியில் 13 சதவீதம்தான். 0 என்றால் ‘வெற்றி இல்லை’ என்றும், −5 என்றால் ‘படுதோல்வி’ என்றும் மனம் தானாக மொழிபெயர்த்துக்கொண்டது. நாம் சொல்லாமல் விட்ட பொருளைப் பதில் சொல்பவர் தாமே நிரப்பிக்கொள்வார். ஆளுக்கொரு விதமாக நிரப்புவார்.

மாணவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாழ்நாள் முழுக்க மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். 5-க்கு 3 என்றதும் ஒருவருக்கு 60 சதவீதம் நினைவுக்கு வரும், ‘பாஸ்’ என்று நினைப்பார். எப்போதும் முதலிடம் வாங்கும் இன்னொருவருக்கு அதே 3 படுமோசம். பெயர் எழுதிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் குறுக்கே வராது.

அப்படியானால் என்ன பெயர் எழுதுவது? தமிழில் எழுதினால் செயற்கையாக இருக்கிறதே?

‘முற்றிலும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், நடுநிலை வகிக்கிறேன்’ என்று எழுதினால் அப்படித்தான் இருக்கும். யாரும் அப்படிப் பேசுவதில்லை. கேட்ட கேள்விக்கு வாயால் எப்படிப் பதில் சொல்வார்களோ அதை எழுதுங்கள். புரிதலைக் கேட்டால்: முழுக்கப் புரிந்தது, பெரும்பாலும் புரிந்தது, பாதி புரிந்தது, கொஞ்சம்தான் புரிந்தது, ஒன்றும் புரியவில்லை. எத்தனை முறை என்று கேட்டால்: ஒவ்வொரு வகுப்பிலும், பெரும்பாலான வகுப்புகளில், பாதி வகுப்புகளில், ஒன்றிரண்டு வகுப்புகளில், ஒரு முறைகூட இல்லை. ‘அடிக்கடி’, ‘சில சமயம்’ ஆகியவற்றை நான் தவிர்ப்பேன். ஒருவரின் அடிக்கடி இன்னொருவரின் சில சமயம்.

‘பரவாயில்லை’ என்ற சொல் நமக்கு மிகவும் இயல்பாக வரும். ஆனால் அளவுகோலில் அதைப் போடாதீர்கள். “வகுப்பு எப்படி?” “பரவாயில்லையே!” என்று குரலை உயர்த்திச் சொன்னால் பாராட்டு. “பரவாயில்லை...” என்று இழுத்தால் ஏமாற்றம். எழுத்தில் குரல் இல்லை. ‘சுமார்’ என்பதும் அப்படித்தான்: சிலருக்கு அது நடுத்தரம், சிலருக்கு மட்டம்.

பெயர்களுக்கிடையே உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். ‘மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, திருப்தி, மோசம்’ என்ற வரிசையைப் பல படிவங்களில் பார்க்கலாம். நான்கு புகழ்ச்சி, ஒரு குறை. எந்தப் பாடத்தை நடத்தினாலும் இதில் நல்ல பெயர் வந்துவிடும். அந்தப் பெயரால் ஆசிரியருக்கு எந்தப் பயனும் இல்லை.

எல்லாக் கேள்விக்கும் ‘உடன்படுகிறேன் – உடன்படவில்லை’ என்று ஒரே அளவுகோலை வைத்தால் எளிதாக இருக்காதா?

நமக்கு எளிது. மாணவருக்கு அதிக வேலை. “ஆசிரியர் பாடத்தைத் தெளிவாக விளக்கினார்: உடன்படுகிறீர்களா?” என்று கேட்டால், அவர் முதலில் எவ்வளவு தெளிவு என்று யோசிக்க வேண்டும், பிறகு அதை உடன்பாடாக மாற்ற வேண்டும். கூடவே, எதைச் சொன்னாலும் ஆமாம் போடும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. எதிரில் இருப்பது ஆசிரியர் என்றால் அது இன்னும் கூடும். “விளக்கம் எவ்வளவு தெளிவாக இருந்தது?” என்று நேராகக் கேட்டு, தெளிவின் அளவுகளையே பதிலாகக் கொடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

இன்னொரு விஷயம். சில கேள்விகளுக்கு நல்ல பதில் ஓரத்தில் இருக்கும், சிலவற்றுக்கு நடுவில் இருக்கும். பாடத்தின் வேகத்தைக் கேட்டால் ‘மிக மெதுவு, கொஞ்சம் மெதுவு, சரியான வேகம், கொஞ்சம் வேகம், மிக வேகம்’ என்று வரும். இங்கே நடுவில் இருப்பதுதான் நாம் விரும்பும் பதில். வீட்டுப்பாடத்தின் அளவு, தேர்வின் கடினம் எல்லாம் இந்த வகை. இவற்றை மற்றக் கேள்விகளோடு ஒரே கட்டத்தில் அடைத்தால் மாணவரும் குழம்புவார், கூட்டிக் கழிக்கும்போது நாமும் குழம்புவோம்.

ஒரே கேள்வியில் இரண்டு விஷயம் கேட்கலாமா?

கூடாது. “பாடம் தெளிவாகவும் சுவாரசியமாகவும் இருந்ததா?” என்று கேட்ட என் பழைய படிவத்தில் ஒரு மாணவி 3 போட்டுவிட்டு, கடைசியில் இருந்த கருத்துப் பெட்டியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘தெளிவு 5, சுவாரசியம் 1.’ அவள் எழுதியதால் எனக்குத் தெரிந்தது. எழுதாதவர்கள் எத்தனை பேரோ. ‘உம்’ விகுதியும் ‘மற்றும்’ என்ற சொல்லும் கேள்வியில் வந்தால் நின்று பாருங்கள், பெரும்பாலும் அங்கே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கவனமாகப் படிக்கிறார்களா என்று பார்க்க, எதிர்மறைக் கேள்விகளைக் கலந்து வைக்கலாமா?

பழைய யோசனை. நான் விட்டுவிட்டேன். தமிழில் ‘இல்லை’ என்ற சொல் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். “சந்தேகம் கேட்க வாய்ப்பு அளிக்கப்படவில்லை” என்பதை வேகமாகப் படிப்பவர் ‘வாய்ப்பு’ வரை படித்துவிட்டு 5 போடுவார். அவர் கவனக்குறைவானவர் என்று நாம் எழுதிக்கொள்வோம். உண்மையில் கேள்விதான் அவரைத் தடுக்கி விட்டது.

எந்தக் கருவியில் எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

கூகுள் ஃபார்ம்ஸில் ‘லீனியர் ஸ்கேல்’ என்று ஒரு வகை இருக்கிறது. 0 அல்லது 1-இல் தொடங்கி, 2 முதல் 10 வரை எந்த எண்ணிலும் முடிக்கலாம். பெயர் எழுத இரண்டு ஓரங்களில் மட்டுமே இடம் உண்டு. நடுவில் இருப்பவற்றுக்குப் பெயர் வைக்க முடியாது. அதனால் நான் அதைத் தொடுவதில்லை. அதற்குப் பதில் சாதாரண ‘மல்டிபிள் சாய்ஸ்’ எடுத்து, ஐந்து பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுவேன். பெயருக்கு முன்னால் எண் சேர்த்து ‘5 – முழுக்கப் புரிந்தது’ என்று எழுதினால், பிறகு ஸ்ப்ரெட்ஷீட்டில் வரிசைப்படுத்த வசதி. விடைகளின் வரிசையைக் கலைக்கும் ‘ஷஃபிள்’ வசதி இயங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறுவரிசை கலைந்தால் அளவுகோலே இல்லை. ஒரு குறை: லீனியர் ஸ்கேலுக்குப் பதில்கள் பட்டை வரைபடமாக வரும், மல்டிபிள் சாய்ஸுக்கு வட்ட வரைபடமாக வரும். வட்டத்தில் ஏறுவரிசை கண்ணுக்குத் தெரியாது. ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்ணிக்கை எடுத்துப் பட்டையாக வரைந்துகொள்வது நல்லது.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் ‘ரேட்டிங்’, ‘லிக்கர்ட்’ என்று இரண்டும் தனித்தனியாக உண்டு. லிக்கர்ட் வகையில் தலைப்புச் சொற்களை மாற்றி எழுதலாம், தானாக வருவதை அப்படியே விடாதீர்கள். மூடுல் என்ற கற்றல் தளத்தைப் பயன்படுத்தும் இடங்களில் ‘ஃபீட்பேக்’ என்ற பகுதியில், மதிப்பு சேர்த்த பல்தேர்வுக் கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் நாமே எண் கொடுக்கலாம். மாணவர் பெயரைப் பதிய வேண்டாம் என்ற அமைப்பும் அங்கேயே உண்டு.

கட்டம் போட்ட கேள்வியில் பத்து வரிகளை ஒன்றாக வைத்தால் படிவம் சின்னதாகத் தெரிகிறதே?

கணினித் திரையில் சின்னதாகத் தெரியும். படிவத்தை நாம் செய்வது கணினியில், மாணவர் நிரப்புவது கைப்பேசியில்.

ஒரு மாணவர் என் எதிரில் உட்கார்ந்து நிரப்பியதை ஒரு நாள் பார்த்தேன். ஐந்து பத்திகள் கொண்ட கட்டம். அவருடைய கைப்பேசியில் மூன்று பத்திகள்தான் தெரிந்தன. மற்ற இரண்டும் வலது பக்கம் மறைந்திருந்தன. இழுத்தால் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தெரிந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுக்கொண்டே கட்டைவிரலைக் கீழே இறக்கினார். ஏழு வரி, ஏழு தொடுதல், அரை நிமிடத்துக்கும் குறைவு. மறைந்திருந்த இரண்டு பத்திகளும் ‘நன்று’, ‘மிக நன்று’. முந்தைய ஆண்டு வந்த மோசமான பதில்களில் எத்தனை இப்படி வந்திருக்குமோ என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டத்தைத் தவிர்க்கவே முடியாதென்றால் நான்கு வரிக்கு மேல் வேண்டாம், தலைப்புச் சொல் ஒற்றைச் சொல்லாக இருக்கட்டும், உங்கள் கைப்பேசியிலேயே முதலில் நிரப்பிப் பாருங்கள். கூகுள் ஃபார்ம்ஸ் கட்டத்தில் ‘ஒரு பத்திக்கு ஒரு பதில் மட்டும்’ என்ற அமைப்பு இருக்கிறது. அது வரிசைப்படுத்தும் கேள்விகளுக்கானது. தவறுதலாக அதை இயக்கிவிட்டால் இரண்டு வரிகளுக்கு ஒரே மதிப்பீட்டைக் கொடுக்க முடியாது. மாணவர் மனத்தில் இல்லாத பதிலைப் போட வேண்டும், அல்லது அந்த வரியை வெறுமையாக விட வேண்டும்.

நட்சத்திரம், ஸ்மைலி, இழுக்கும் ஸ்லைடர்?

நட்சத்திரம் பொருட்களை வாங்கும் தளங்களின் பழக்கத்தைக் கூடவே கொண்டுவரும்: பிடித்தால் 5, பிடிக்காவிட்டால் 1. ஸ்லைடரில் குமிழ் எங்கே நிற்கிறதோ அங்கேயே பலர் விட்டுவிடுவார்கள், தொட்டார்களா தொடவில்லையா என்பதே தெரியாமல் போகும். முகக்குறிகள் சிறு குழந்தைகளுக்குப் பொருந்தும், ஆனால் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகச் சிரிக்கும் முகத்தையே தொடுவார்கள். அவர்களிடம் ‘எது ரொம்பப் பிடித்தது, எது பிடிக்கவில்லை’ என்று இரண்டு பாடங்களை ஒப்பிடச் சொல்வது மேல்.

எத்தனை கேள்விகள் வைக்கலாம்? எல்லாவற்றையும் கட்டாயமாக்கலாமா?

ஆறு முதல் எட்டு. அதற்கு மேல் போனால் ஒப்பேற்றும் பதில்கள் தொடங்கிவிடும். இந்த ஒப்பேற்றுதலுக்கு ஆய்வாளர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது. சிறந்ததைத் தேடாமல் ‘இது போதும்’ என்று நிறுத்திக்கொள்ளும் மனப்போக்குக்கு ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1956-இல் ‘சாட்டிஸ்ஃபைசிங்’ (satisficing) என்ற சொல்லைக் கொடுத்தார். ஜான் க்ராஸ்னிக் 1991-இல் அதைக் கருத்துக் கணிப்புகளுக்குப் பொருத்திக் காட்டினார்: கேள்வி கடினமாக இருந்தாலோ, ஆர்வம் குறைந்தாலோ, பதில் சொல்பவர் கண்ணில் முதலில் படும் ஏதோ ஒரு விடையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கேள்விகளைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், ‘இதற்குக் குறைந்த மதிப்பீடு வந்தால் நான் என்ன செய்வேன்?’ என்று எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். வகுப்பறையின் அளவை என்னால் மாற்ற முடியாது என்றால் அதைக் கேட்டு என்ன பயன்?

கட்டாயம் என்று எதையும் வைக்காதீர்கள். பதில் சொல்ல விரும்பாதவரிடம் பிடுங்கிய எண்ணைவிட வெற்றிடம் உண்மையானது.

‘பொருந்தாது’ என்ற விடை தேவையா?

தேவை. ஆனால் அதை அளவுகோலின் கடைசியில், கொஞ்சம் விலக்கி வையுங்கள். அதற்கு 0 என்று எண் கொடுத்துவிட்டால் சராசரியில் போய்ச் சேர்ந்துவிடும்.

எண்ணோடு சேர்த்து எழுத்தில் கருத்தும் கேட்க வேண்டுமா?

ஒன்றிரண்டு இடங்களில் கேளுங்கள். ‘வேறு ஏதேனும் கருத்து?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். அளவுகோல் கேள்விக்கு அடுத்தே, “உங்கள் பதிலை ஒரு படி மேலே கொண்டுபோக நான் எதை மாற்ற வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். பாராட்டியவரும் ஒரு வரி எழுதுவார், குறை சொன்னவரும் எழுதுவார். எனக்கு மிகப் பயன்பட்ட கருத்துகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு வந்தவைதான்: ‘பலகையில் எழுதியதை உடனே அழிக்காதீர்கள்’, ‘கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்’.

பெயர் இல்லாமல் வாங்குவது எப்படி?

கூகுள் ஃபார்ம்ஸில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்று வைத்தால் உள்நுழையச் சொல்லும். அதனால் மட்டும் மின்னஞ்சல் நமக்கு வராது, ஆனால் மாணவர் பயப்படுவார். இதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். ஆண், பெண், பிரிவு, ஊர் என்று கேட்டுக்கொண்டே போனால் பெயர் கேட்காமலே ஆள் தெரிந்துவிடும். ஐந்து பேருக்கும் குறைவான குழுவின் முடிவுகளைத் தனியாக வெளியிடாதீர்கள். அப்புறம் முக்கியமாக, பருவக் கடைசியில் வாங்கும் படிவம் என்றால், மதிப்பெண் வெளியான பிறகுதான் ஆசிரியர் இந்தப் பதில்களைப் பார்ப்பார் என்று உறுதி கொடுக்க முடிந்தால் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

சராசரி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அதை முதலில் பார்க்காதீர்கள். 20 பேர் வகுப்பு. எல்லாரும் 3 போட்டால் சராசரி 3. பத்துப் பேர் 5-உம் பத்துப் பேர் 1-உம் போட்டாலும் சராசரி 3. முதல் வகுப்பில் எல்லாருக்கும் பாதி புரிந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் பாதிப் பேரைக் கைவிட்டுவிட்டோம். இந்த இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றா?

ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-இல் அளவீடுகளை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று வரிசை அளவு: எது முன், எது பின் என்று தெரியும், இடையில் உள்ள தூரம் தெரியாது. நம் ஐந்து விடைகளும் அந்த வகை. ‘கொஞ்சம்’ என்பதிலிருந்து ‘பாதி’க்கும், ‘பெரும்பாலும்’ என்பதிலிருந்து ‘முழுக்க’வுக்கும் ஒரே தூரம்தானா? யாருக்குத் தெரியும். சராசரி எடுப்பது சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நடைமுறைக்கு நான் செய்வது: ஒவ்வொரு விடைக்கும் எத்தனை பேர் என்ற பட்டை வரைபடத்தைப் பார்ப்பேன், கீழ் இரண்டு விடைகளைப் போட்டவர்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வேன், எத்தனை பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதை மேலே எழுதி வைப்பேன். 60 பேரில் 9 பேர் சொன்ன 4.6-ஐ வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

இந்த எண்களை வைத்து ஆசிரியர்களை ஒப்பிடலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். இதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை.

லிலியன் மெக்நெலும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆன்லைன் வகுப்பை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஓர் ஆண் பயிற்றுநர், ஒரு பெண் பயிற்றுநர். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும், இன்னொரு குழுவுக்கு மற்றவரின் பெயரிலும் வகுப்பை நடத்தினார்கள். உண்மையில் நடத்தியவர் யாராக இருந்தாலும், ஆண் பெயருக்கு மாணவர்கள் அதிக மதிப்பீடு கொடுத்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் அமைப்பு யோசிக்க வைக்கிறது. லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் இருவரும் 2019-இல் வெளியிட்டது இன்னும் நேராக நம் விஷயத்துக்கு வருகிறது. ஒரு பல்கலைக்கழகம் 10 புள்ளி அளவுகோலை 6 புள்ளியாக மாற்றியது. ஆண்கள் அதிகமாக இருக்கும் துறைகளில், 10 புள்ளி இருந்தபோது பெண் ஆசிரியர்களுக்கு உச்ச மதிப்பீடு குறைவாகவே கிடைத்து வந்தது. 6 புள்ளிக்கு மாறியதும் அந்த இடைவெளி மறைந்தது. அதே பாடம்தான், மாறியது அளவுகோல் மட்டும். ‘10’ என்ற எண்ணுக்குள் மேதை என்ற பிம்பம் உட்கார்ந்திருந்தது.

மாணவர் மதிப்பீடு உயர்ந்தால் கற்றலும் உயர்ந்ததாக அர்த்தமா என்றால், பாப் உட்டலும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகவே ஓர் ஆசிரியர் தம் வகுப்பின் போன பருவத்தையும் இந்தப் பருவத்தையும் ஒப்பிட இந்தப் பதில்களைப் பயன்படுத்தட்டும். சம்பளம், பதவி உயர்வு என்று அதை இழுத்துக்கொண்டு போவது நியாயமில்லை.

படிவத்தை எப்போது அனுப்புவது?

பருவத்தின் பாதியில் ஒன்று. கடைசியில் அனுப்பினால் நிரப்பும் மாணவருக்கு அதனால் எந்தப் பலனும் கிடைக்காது, அது அவருக்கும் தெரியும். வகுப்பு நேரத்திலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும். வீட்டுக்குப் போய் நிரப்பச் சொன்னால் பாதிப் படிவம்கூடத் திரும்பி வராது.

அனுப்புவதற்கு முன் சரிபார்க்க எளிய வழி?

இரண்டு பேரை உட்கார வைத்து, சத்தமாக யோசித்துக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். எங்கே கேள்வியை இரண்டாம் முறை படிக்கிறார்களோ அங்கே கோடு போடுங்கள். பிறகு இருவரும் ஒரே பதிலைத் தேர்ந்தெடுத்த கேள்விகளை மட்டும் எடுத்து, “இதைப் போட்டதற்கு என்ன காரணம்?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். காரணம் வேறுவேறாக வந்தால் விடைகளின் பெயர்களைத் திருத்துங்கள்.

முடிவுகளை மாணவர்களிடம் காட்ட வேண்டுமா?

அடுத்த வகுப்பிலேயே காட்டுங்கள். நான் பட்டை வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு மூன்று விஷயம் சொல்வேன்: இந்த வாரம் முதல் மாற்றப்போவது எது, மாற்ற முடியாதது எது, ஏன் முடியாது. போன பருவத்தில் வேகம் பற்றிய கேள்விக்குப் பாதிப் பேர் ‘கொஞ்சம் வேகம்’ என்றிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தினேன். அடுத்த படிவத்தில் அதே கேள்விக்கு ‘சரியான வேகம்’ என்ற பட்டை உயர்ந்திருந்தது. ‘கொஞ்சம் மெதுவு’ என்று புதிதாக நான்கு பேர் போட்டிருந்தார்கள். இப்போது அந்த நான்கு பேருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.